முக்கால் அங்குலம்

ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்ற
இழுவைக் கருவி வேண்டும்.
அது எதிர்வீட்டு அவுலிஸிடம் இருந்தது.
அவுலிஸோடு எனக்குப் பேச்சில்லை.

ஆகவே சுத்தியல்.

மூன்றாவது அடியில்
உள்ளே ஏதோ முனகி விலகிக்கொண்டது.
நான்காவது தேவையே இல்லை.
அடித்தேன்.

ஹாபயார்வியில் மார்ச் மாதம்,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
கராஜ் தரையில்
வெள்ளை வெள்ளையாய் பிளாஸ்டிக் நொய்.

எழுபத்திரண்டாம் வருஷத்து ஷெவர்லே நோவா.
என்னைவிட ஆறு வயது இளையது,
துருவில் மூத்தது.
இப்போது சக்கரத்தை இழுத்தால் வருகிறது,
தள்ளினால் போகிறது.
ஆடுகிற பல்லை நாக்கு தேடுவதுபோல்
என் கை அதையே தேடிப் போனது
இரண்டு நாள்.

பிறகுதான் முழுசாகப் பிரித்துப் பார்த்தேன்.
அது ஒரு தண்டே இல்லை.
இரண்டு. ஒன்றுக்குள் ஒன்று.
துளைகளில் ஊற்றி உறைந்த பிளாஸ்டிக்தான்
இத்தனை வருஷமும்
இரண்டையும் ஒன்றென்று சொல்லிவந்திருக்கிறது.
கையேட்டில் போட்டிருந்த நீளத்துக்கு
முக்கால் அங்குலம் குறைவு.

வெல்டிங் அடித்துவிட்டால் தீர்ந்தது.
வெல்டிங் மிஷினும் அவுலிஸிடம்தான்.

நாலு குளிர்காலத்துக்கு முன்
அவன் டிராக்டர் ஒதுக்கித் தள்ளிய பனி
என் கேட்டை மூடிவிட்டது.
விடியற்காலை மூன்றரை, பால் லாரிக்கு நேரமாகிவிட்டது,
நான் ஒரு வார்த்தை சொன்னேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
அவன் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் சண்டை.

தண்டைத் தீவனச் சாக்கில் சுற்றி
சாலையைக் கடந்தேன்.
சாக்ஸ் காலோடு கதவைத் திறந்தவன்
என் முகத்தைப் பார்க்கவில்லை, சாக்கைப் பார்த்தான்.

"அடிச்சியா?"
"அடிச்சேன்."
"எத்தனை?"
"மூணு."

வெல்டிங் போட்டுவிடு என்றேன்,
இனி ஜென்மத்துக்கும் அசையக் கூடாது.

தண்டை வாங்கி
ஒரு முனையை என் நெஞ்செலும்பில் வைத்தான்.
கம்பளிச் சட்டைக்குள்ளும் சில்லென்றது.
"காட்டுப் பாதையில எல்க் மான் குறுக்கே வரும்.
முன்னாடி இருக்கிறதெல்லாம் பின்னாடி வரும்.
அப்ப இது உள்ள போகணும், சிர்க்கா.
போகலைன்னா..."
இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.
யாரை நினைத்துச் சொல்கிறான் என்று
நான் கேட்கவில்லை.

அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
இழுத்தோம்.
அசையவில்லை.
எண்ணெய் விட்டு, காபி குடித்து, மறுபடி இழுத்தோம்.
கால் அங்குலம்.
பிறகு ஒரேயடியாய் வந்ததில்
நான் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.
சிரித்தானா என்று தெரியவில்லை,
முதுகு காட்டி டேப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

பழைய பிளாஸ்டிக்கைத் துளையிலிருந்து சுரண்டி எடுத்து
புல் வெட்டும் மிஷினின் நைலான் சரட்டை,
போன கோடையின் பச்சைக் கறை அதில் அப்படியே,
ஆணி நீளத்துக்கு நறுக்கிச் செருகி
சால்டரிங் இரும்பால் முனையை உருக்கினான்.
ஒரு துளை. அடுத்த துளை.
கராஜ் முழுக்கக் கருகிய நாற்றம்.
"இது தாங்குமா?" என்றேன்.
"திருப்பறதுக்குத் தாங்கும்.
முட்டினா தாங்காது.
அதுக்குத்தான்."

இருட்டுவதற்குள் மாட்டிவிட்டோம்.
ஏரிக்கரை வரை ஓட்டினேன், பக்கத்தில் அவன்.
சக்கரம் வரவும் இல்லை, போகவும் இல்லை.
திருப்பத்தில் காட்டைப் பார்த்துக்கொண்டே
என் வாய் தானாகச் சொன்னது:
"நாலு."

அவன் கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தான்.
"தண்டு முனையில
நாலு தழும்பு இருக்கே" என்றான்.